கமாவையும் சேர்த்து வாசி

இன்று காலை மேசை இழுப்பறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் உன் மெமரி கார்டு கிடைத்தது. தபால்தலை அளவுக்கு நீல நிறத்தில், ஓரத்தில் நகத்தால் தள்ளினால் மேலும் கீழும் போகிற சின்னப் பூட்டோடு. பூட்டு இன்னும் போட்டபடியே இருக்கிறது. நீ போட்டது. தள்ளித் திறக்க மனம் வரவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெரியவர், "என்னம்மா, மிஷின் ஓடலையா?" என்றார். "ஓடுதுங்கய்யா" என்றேன். ஓடத்தான் செய்கிறது. அன்றைக்கு நீ எழுப்பி உட்கார வைத்த அதே கணினியும் ஓடுகிறது. அதில்தான் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

கையால் எழுதியிருக்கலாம். ஆனால் என் கையெழுத்தை உன் கருவி வாசிக்காது. தட்டச்சு செய்தால், திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் உன் மென்பொருள் ஒரு எழுத்து விடாமல் சொல்லும். அது பேசுகிற தமிழை நீ எப்போதும் கிண்டல் செய்வாய். "வெள்ளைக்காரன் வேட்டி கட்டுன மாதிரி இருக்குடி இவன் தமிழு." ஆனாலும் அவன் சொல்வதைத்தான் கேட்பாய். நான் வாசித்துச் சொன்னால் நம்ப மாட்டாய்.

முதன்முதலாக நீ கடைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. விராலிமலையில் பழைய நெடுஞ்சாலை ஓரமாக நான் இந்த ஜெராக்ஸ் கடையைத் தொடங்கி ஆறேழு மாதம் இருக்கும். கையில் வெள்ளைக்கோலோடு படியேறி வந்து, ஒரு சான்றிதழை நீட்டி, ஐந்து பிரதி கேட்டாய். குளத்தூரில் அரசு வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாய். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உள்ள ஏதோ உரசுதுங்க. பாத்துக்கங்க, நாளைக்குக் கோடு விழும்" என்றாய். நான் சிரித்துக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் ஒவ்வொரு தாளிலும் நெட்டுக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. அடுத்த முறை நீ வந்தபோது நானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டேன். இருவருக்கும் ஒரே வயது என்று தெரிந்த அன்றைக்கே 'ங்க'வை விட்டுவிட்டோம்.

பிறவியிலேயே உனக்குப் பார்வை இல்லை. அதை நீ பெரிய விஷயமாகப் பேசியதே இல்லை. சர்க்கரை போடாத டீ, குளத்தூர் பஸ்ஸின் நேரம், அலுவலகத்தில் யார் யாரோடு பேசுவதில்லை, இவைதான் உன் பேச்சு. கோபம் வேறு சட்டென்று வரும். உன் தோளைப் பிடித்து யாராவது சாலையைக் கடக்க உதவினால், கடந்தபிறகு "நான் இங்கிட்டு வரலைங்க, அங்கிட்டே பஸ்ஸுக்குத்தான் நின்னேன்" என்று சொல்லி அவரைத் திகைக்க வைப்பாய்.

ரத்தப் பட்டியல் உன் யோசனைதான். கடைக்கு எதிரே ஒரு விபத்து நடந்து, அடிபட்டவருக்கு ரத்தம் வேண்டுமென்று அன்றைக்கு நாமிருவரும் ஆளுக்கொரு போனோடு திண்டாடினோம். கடைசியில் யாரோ கிடைத்தார்கள். டீ ஆறிப்போனபிறகு நீ சொன்னாய்: "ஆளு இருக்காங்கடி. எங்க இருக்காங்கன்னு யாரும் எழுதி வைக்கல. அவ்வளவுதான்." அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம் நான் பெயர், ஊர், ரத்த வகை, கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டுக் கணினியில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பாய். மூன்று வருடத்தில் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டன.

அந்த ஆனி மாதத்து இரண்டாம் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் கல்லூரி விண்ணப்பம் அச்செடுக்க ஒரு பெண் பென்டிரைவ் கொண்டுவந்தாள். செருகியதும் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பிக் கத்தியது. வைரஸ் தடுப்பு மென்பொருள் ஏதோ பிடித்துவிட்டதாகச் சொன்னது. அழிக்கவா என்று கேட்டது. கடையில் கூட்டம். ஆமாம், ஆமாம், சரி என்று வந்ததையெல்லாம் அமுக்கிவிட்டேன். பட்டியலின் பிரதி இருந்த என் பென்டிரைவும் அந்த நேரம் பக்கத்தில் செருகியபடியே இருந்ததை நான் யோசிக்கவில்லை.

காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டேன். கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். நடுவில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. ஓகே கொடுத்தேன். அதன்பிறகு ஒன்றுமே இல்லை. திரை முழுக்கக் கறுப்பு. சுட்டி மட்டும் வெள்ளை அம்பாக நடுவில் நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி அதே கட்டம், அதே கறுப்பு. நான்கு முறை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கணினி பழுது பார்க்கிற அண்ணனைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர். உடனே வந்து, கொஞ்சநேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபார்மட் பண்ணிரலாம்மா. மத்தியானத்துக்குள்ள புதுசா போட்டுத் தாரேன்."

"உள்ள இருக்கிறதெல்லாம்?"

"போயிரும்மா. வைரஸ் உள்ள பூந்து விளையாடிருக்கு. என்ன செய்யிறது?"

என் பென்டிரைவை அவர் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தார். என் கோப்புறைகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குட்டி அம்பு. எதைத் திறந்தாலும் பிழைச் செய்தி. "இதுவும் போச்சு" என்றார். வாசலில் விண்ணப்பம் போட வந்த பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். சரி, செய்யுங்கண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். பட்டியல் போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன், உதவி கேட்டு அல்ல.

நீ பதறவில்லை. "அந்தக் கட்டத்துல என்னடி எழுதியிருந்துச்சு?" என்றாய்.

"ஏதோ எரர்."

"எரர்ங்கிறது எனக்கும் தெரியும். என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கலடி. ஓகே குடுத்துட்டேன்."

"நாலு தடவ போட்டேன்னியே, நாலு தடவயுமா படிக்கல?"

பழுது பார்க்கும் அண்ணன் ஸ்குரூவைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

"அது நமக்கு எழுதுன லெட்டர்டி. என்ன கோளாறுன்னு அதுவே சொல்லுது. நீ பிரிக்காமயே கிழிச்சுக் கிழிச்சுப் போட்டுக்கிட்டு இருக்க. திரும்பப் போடு. ஓகே குடுக்காத. முழுசா வாசி."

போட்டேன். கட்டம் வந்தது. ஸ்கிரிப்ட் ஃபைலைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி, அந்த ஃபைல் இருக்கவேண்டிய இடமும் பெயரும் போட்டிருந்தது. "விண்டோஸ் ஃபோல்டர்ல, விண்டோஸ் அப்டேட்ங்கிற ஃபைலக் காணோமாம்" என்றேன்.

"நீ சொல்றத நான் கேக்கல. அதுல இருக்கிறதச் சொல்லு. எழுத்து எழுத்தா."

"டபிள்யூ, ஐ, என், யு, பி, டி, டி."

"இரு. முதல் டி என்ன டி, ரெண்டாவது டி என்ன டி?"

"டாக்டர் டி. டீ குடிக்கிற டி."

"அப்டேட்ல நடுவுல ஏ எங்க? கடைசில ஈ எங்க?"

இல்லை. நான்கு முறை கண்ணெதிரே வந்து நின்றதில் இரண்டு எழுத்து குறைகிறது என்பதைக் கண் இருக்கிற நான் பார்க்கவில்லை. போனில் கேட்ட நீ பிடித்துவிட்டாய்.

"அது அப்டேட் இல்லடி. பேரை மாத்திக்கிட்டு வந்த திருட்டுப் பய. நேத்து சிவப்புக் கட்டம் வந்துச்சுன்னியே, அவனை அப்பவே கொன்னுருச்சு. ஆனா காலைல எந்திரிச்சதும் மொத ஆளா அவனைக் கூப்பிடுன்னு உள்ள ஒரு வரி எழுதி வச்சிருக்கான் பாரு, அது அப்படியே இருக்கு. கம்ப்யூட்டர் பாவம், அவனைக் கூப்பிட்டுக்கிட்டே நிக்குது. செத்தவன் எப்படி வருவான்?" கொஞ்சம் நிறுத்தி, "ஃபார்மட் கிஃபார்மட்னு எதுவும் பண்ணவேணாம். அந்த அண்ணன்கிட்ட கையை எடுக்கச் சொல்லு. வாரேன்" என்றாய்.

நீ ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் வந்தது. புதுக்கோட்டை மருத்துவமனையிலிருந்து ஒருவர். மனைவிக்குத் தலைப்பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும், கைவசம் இருந்ததைப் போட்டாகிவிட்டது, இன்னும் வேண்டும் என்கிறார்கள் என்றார். "ஒங்ககிட்ட லிஸ்ட் இருக்குன்னு நர்ஸம்மா நம்பர் குடுத்தாங்கக்கா. யாராச்சும் இருக்காங்களாக்கா?"

இருக்கிறார்கள். அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். "பத்து நிமிஷம் தாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

நீ வந்தாய். படியேறும்போதே நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையை மடியருகே நகர்த்தி, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் எஃப், ஜே விசைகளின் மேட்டில் ஊன்றினாய். பழுது பார்க்கும் அண்ணன் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியலயேம்மா" என்றார் மெதுவாக.

"எனக்கு என்னைக்குண்ணே தெரிஞ்சது?" என்றாய். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நீ சிரித்தாய்.

மூன்று விரலால் மூன்று விசையை ஒருசேர அமுக்கினாய். நீலத் திரை வந்தது. "என்னென்ன எழுதியிருக்கு, மேல இருந்து கீழ சொல்லு." சொன்னேன். கீழ்நோக்கு விசையை எண்ணி எண்ணித் தட்டினாய். ஒரு சின்னச் சன்னல் திறந்தது. கைப்பையிலிருந்து இந்த நீலக் கார்டை எடுத்தாய். பூட்டை நகத்தால் ஒருமுறை தள்ளிச் சரிபார்த்தாய். "இது போட்டிருந்தா இதுல இருக்கிறத வாசிக்கலாம், இதுல எதையும் எழுத முடியாது. வைரஸ் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் உள்ள வர முடியாதுண்ணே" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே செருகி, எதையோ தட்டச்சு செய்தாய். எழுத்துகள் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க நான் குனிந்தேன். சரியாகத்தான் விழுந்தன.

ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு உன் கருவி பேச ஆரம்பித்தது. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல அத்தனை வேகம். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நீ தலையைச் சாய்த்துக் கேட்டாய். பாதிச் சொல்லிலேயே அடுத்த விசையை அமுக்கினாய், அது பேச்சை விழுங்கிவிட்டு அடுத்ததைச் சொன்னது. வேலை செய்கிற உன்னை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த நீ ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கிறவள், பஸ்காரனைத் திட்டுகிறவள். இவள் வேறு யாரோ. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. விரல்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. வாசலில் நின்ற பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"திரையை விரிக்கிற ஆளு ஒருத்தன் இருக்கான். அவனைக் கூப்பிடவேண்டிய இடத்துலதான் இந்தப் பய தன் பேரை எழுதிட்டான். இப்ப நாமளே கையால கூப்பிடுவோம்" என்று சொல்லி ஒரு சொல்லைத் தட்டி என்டரை அமுக்கினாய்.

கறுப்பு போய்விட்டது. முன்பல் விழுந்த வாயோடு என் மகள் சிரிக்கும் படம் திரை நிறைய வந்து நின்றது. நான் கத்திவிட்டேன்.

"என்னடி, என்ன வந்துச்சு?"

"பாப்பா வந்துட்டாடி!"

"பாப்பா இருக்கட்டும். ஃபோல்டரைப் பாரு."

பார்த்தேன். பெயர் இருந்தது. ஓரத்தில் அதே அம்பு. திறந்தால் பிழைச் செய்தி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "இங்கயும் அழிச்சுட்டான்டி" என்றேன். இந்தமுறை நீ சொல்லாமலே பிழைச் செய்தியை முழுசாக வாசித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அழிக்கல. ஒளிச்சு வச்சுட்டு, அதே பேர்ல பொம்மைய நிறுத்தியிருக்கான். இப்ப வெளிய வரும் பாரு." கறுப்பு நிறத்தில் ஒரு சன்னல் திறந்தாய். ஒரே ஒரு வரி. நடுவில் நிறைய இடைக்கோடுகளும் சாய்கோடுகளும். அடித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். சில நொடிகள். பொம்மைக்குப் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது. அம்பு இல்லாமல், மஞ்சளாக. திறந்தேன். பட்டியல், முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை.

பழுது பார்க்கும் அண்ணன், "ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாத்துருவோமாம்மா?" என்றார்.

"அய்யோ, இப்பத் தொடாதீங்கண்ணே. நாம கையால எழுப்புனதுதான், அந்த வரி இன்னும் உள்ள இருக்கு. மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ரத்தம். மிஷின் அப்புறம்." என் பக்கம் திரும்பினாய். "ஓ நெகட்டிவ். குடுத்து நாளானவங்க மட்டும்."

மூன்று பேர் தேறினார்கள். ஒருவர் எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒருவர் திருப்பூரில் வேலைக்குப் போயிருந்தார். மூன்றாமவர் குடுமியான்மலை. நான் எண்ணை வாசிக்க, நீ அழுத்தினாய். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் "அலோ" என்று ஒரு குரல்.

"அண்ணே, விராலிமலைலருந்து பேசுறேன். மாடு கன்னு போட்ருச்சா?" என்றாய். நான் பல்லைக் கடித்தேன். அங்கே ஒரு உயிர் ஊசலாடுகிறது, இங்கே இவள் மாட்டை விசாரிக்கிறாள் என்று.

"போட்ருச்சு தாயி, கிடாரிக்கன்னு. என்ன, வரணுமா?"

"இப்பவே வரணும்ணே. புதுக்கோட்டைக்கு. பிரசவம்."

"கை கழுவிட்டு வாரேன்."

அவ்வளவுதான். அவர் வயலில் நின்றவர். நாற்பது நிமிடத்தில் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார். மாட்டை விசாரித்த அந்த ஒரு வரியில்தான் அவர் உன்னை அடையாளம் கண்டுகொண்டார், வேறு கேள்வி கேட்காமல் கிளம்பினார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதன்பிறகுதான் நீ கணினிக்குத் திரும்பினாய். ஸ்டூலிலிருந்து எழுந்து என்னை உட்காரச் சொன்னாய். "நீ செய். நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்." கணினி தன் விதிகளையெல்லாம் எழுதி வைத்திருக்கும் இடத்துக்கு என்னைப் படிப்படியாகக் கூட்டிப்போனாய். கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று. கடைசியில் அந்த வரியின் எதிரே நின்றோம். திருட்டுப் பெயர் அங்கே உட்கார்ந்திருந்தது. அழித்துவிட்டு நீ சொல்லச் சொல்ல சரியான பெயரை அடித்தேன். "வாசி" என்றாய். வாசித்தேன்.

"கமா சொல்லலயே."

"எங்க கமா?"

"கடைசில. நான் சொன்னேன்ல, முடிவுல ஒரு கமா உண்டுன்னு. நீ அடிக்கல. இல்லாட்டி அடிச்சும் வாசிக்கல. கமாவையும் சேர்த்து வாசி."

அடித்திருக்கவில்லை. அடித்தேன். கமா என்று வாசித்தேன். கணினியை அணைத்துப் போடச் சொன்னாய். வந்தது. கட்டம் இல்லை, கறுப்பு இல்லை. இன்னொருமுறை என்றாய். அப்புறம் மூன்றாவது முறை. என் பென்டிரைவையும் சுத்தம் செய்து, பட்டியலை உனக்கும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னாய். "இனி மூணு இடத்துல இருக்கட்டும்" என்றாய். கார்டைக் கழற்றி என் மேசையிலேயே வைத்தாய். "எங்கிட்ட இன்னொண்ணு இருக்கு. இது இங்க கெடக்கட்டும்."

சாயங்காலம் அந்தக் கணவர் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். பேச்சு இல்லை. குழந்தையின் அழுகை மட்டும். பின்னால் யாரோ ஒரு பெண் மெலிதாகச் சிரிக்கும் சத்தம். நீ அதை இரண்டுமுறை போடச் சொல்லிக் கேட்டாய். "அம்மாவும் சிரிக்குது பாரு" என்றாய். குழந்தையின் அழுகையைத் தாண்டி அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

இந்த மாசியில் நீ போய்விட்டாய். மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் காலை உன் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. நீளமான செய்தி. முதல் வரியை மட்டும் படித்தேன். போனை அணைத்துவிட்டேன். கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். மகள் வந்து கூப்பிட்டாள், திரும்பவில்லை. பொழுது சாய்ந்தபிறகுதான் போனைத் திறந்து மிச்சத்தைப் படித்தேன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு எடுக்கிறோம் என்று கடைசி வரியில் இருந்தது.

நான் வந்து சேர்ந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். உன் அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். "வருவ வருவன்னு கொஞ்சநேரம் தாமசமாத்தான் எடுத்தோம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் என்ன சொல்வது? படிக்கவில்லை என்றா? உன்னிடம் சொன்னால் என்ன சொல்வாய் என்று தெரியும். அதைக் கேட்கவாவது நீ இருந்திருக்கலாம்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து உன் தம்பி கடைக்கு வந்தான். "அக்கா கம்ப்யூட்டர்ல முக்கியமானது ஏதும் இருக்கான்னு பாக்கணுங்கக்கா. ஆனா எப்படிப் பாக்குறதுன்னு தெரியல. அதுல டிவி மாதிரி இருக்குமே, அது இல்ல." எனக்கு முதலில் விளங்கவில்லை. உன் அறைக்குள் போனபிறகுதான் விளங்கியது. மேசைமேல் ஒரு விசைப்பலகை, இரண்டு ஸ்பீக்கர், கீழே ஒரு பெட்டி. திரை இல்லை. இத்தனை வருடமும் இருந்ததில்லை. எதற்கு வாங்க வேண்டும்? இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருநாளும் எனக்கு அது தோன்றவில்லை பார்.

மறுநாள் கடைத் திரையை ஆட்டோவில் தூக்கிவந்து உன் கணினியில் மாட்டினேன். நீ செய்த அத்தனை வேலைக்கும் முதன்முதலாக வெளிச்சம் வந்தது. எல்லாம் அத்தனை ஒழுங்கு. கோப்புறைகளுக்குப் பெயர், பெயருக்கு எண், ஒன்றுகூட இடம் மாறவில்லை. நம் பட்டியல் அங்கே இருந்தது. நான் அனுப்பியதைவிட அட்டவணையில் ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. 'குரல்' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒன்றிரண்டு வரி எழுதியிருந்தாய்.

'மெதுவாகப் பேசுவார், அவசரப்படுத்தக் கூடாது.' 'மகன் குவைத்தில். வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் சந்தோஷமாக இருப்பார்.' 'குரலில் இருமல் இருக்கிறது, இந்தமுறை கேட்க வேண்டாம், டாக்டரிடம் போகச் சொல்லணும்.' 'வரமாட்டேன் என்றுதான் முதலில் சொல்வார், வந்துவிடுவார்.' 'போன வாட்டி அழுதாங்க. காரணம் சொல்லல.'

தரையில் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. நூற்றுக்கணக்கான பேர். அவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறேன், ரத்த வகையைக் கேட்டிருக்கிறேன். அவர்களை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். உன் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், அது ஆறியது. நடுவில் என் பெயரும் வந்தது. பி பாசிட்டிவ். எதிரே எழுதியிருந்தாய்: 'ஊசிக்குப் பயம், வெளியே காட்ட மாட்டாள். அவசரக்காரி. எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பாள்.'

அதையும் வாசித்து முடித்தேன். அதன்பிறகுதான் அழுதேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கூப்பிடுகிறேன். உன் பத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. போன வாரம் குளத்தூர்ப் பக்கம் ஒரு தையற்காரப் பெண்ணின் முறை. 'தையல் மிஷின் ஓடும். அது நிற்கிறவரைக்கும் பேசாதே, நின்றால்தான் அவள் காது நம் பக்கம்' என்று எழுதியிருந்தாய். மணி அடித்தது, எடுத்தாள். இயந்திரம் கடகடவென்று ஓடும் சத்தம். நான் பேசவில்லை. ஓடியது, ஓடியது, நின்றது.

"ரத்தம் விஷயமாக் கூப்பிடுறேங்க, விராலிமலைலருந்து" என்றேன்.

"வேற அக்காவுல்ல பேசுவாங்க?"

சொன்னேன். துணியை மடித்து ஓரமாக வைப்பது கேட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எங்கேயோ ஒரு கதவு சாத்துவதும் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"சொல்லுங்கக்கா" என்றாள். "எங்கிட்டு வரணும்?"